எண்ணைப் பெயராக வைத்தவர்

பிறந்த குழந்தைக்குப் பாட்டனார் பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ வைப்பது நம் வழக்கம். இங்கிலாந்தில் ஒருவர் தம் படைப்புகளுக்கு எண்ணைப் பெயராக வைத்தார். அந்தப் படைப்புகள் ஸ்போர்ட்ஸ் கார்கள். அந்த எண், இந்தக் கார் மணிக்கு இத்தனை மைல் ஓடும் என்று வாங்குவோருக்கு அளித்த வாக்குறுதி. அவர்தாம் ஜாகுவர் கார்களைத் தோற்றுவித்த சர் வில்லியம் லயன்ஸ். 1901ஆம் ஆண்டில் பிறந்து 1985இல் மறைந்த அவருடைய வாழ்க்கையை நான் இங்கே எழுத முற்பட்டதற்குக் காரணம் உண்டு.

பொறியியல் பயிலும் தமிழ் மாணவர் நால்வர் ஓரிடத்தில் கூடினால், சாம்பாரின் பெருமையைப் பேசி முடித்தபின், பேச்சு பெரும்பாலும் கார்களில்தான் வந்து நிற்கிறது. நால்வரிடமும் சேர்த்து ஒரு பழைய சைக்கிளுக்குமேல் சொத்து இராது. ஆனாலும் எந்தக் கார் நின்ற நிலையிலிருந்து எத்தனை விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டும், எதற்கு எத்தனை குதிரைத்திறன் என்பதெல்லாம் மனப்பாடம். ஒரு கட்சியார், அரை விநாடி குறைவாக எடுத்துக்கொள்ளும் காரே சிறந்தது, அதில் வாதத்துக்கே இடமில்லை என்பர். மற்றொரு கட்சியார், அந்தக் கணக்கெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், கறிக்கு உதவாது என்பர். இவ்விரு கட்சிக்கும் நடுவே சாட்சி சொல்லத் தகுதியானவர் யார் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணைக் காட்டிக் கார் விற்றவரும் லயன்ஸ்தான்; எண்ணைத் தள்ளி வைத்துக் கண்ணை மட்டும் நம்பிக் கார் சமைத்தவரும் லயன்ஸ்தான். எனவே அவரையே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன்.

லயன்ஸ் பிளாக்பூல் என்னும் கடற்கரை ஊரில் 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் பிறந்தார். தந்தையார் இசைக் கருவிகள் விற்கும் கடை வைத்திருந்தவர். மகனோ மோட்டார் சைக்கிள் பித்தர். அண்டை வீட்டில் வில்லியம் வாம்ஸ்லி என்பவர், மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் பூட்டும் அலுமினியத் தொட்டி வண்டிகளைச் செய்துவந்தார். அவற்றின் அழகில் மயங்கி ஒன்றை வாங்கிய லயன்ஸ், பின்னர் அவருடனேயே கூட்டுச் சேர்ந்தார். இரு தந்தையரும் பொறுப்பேற்க, வங்கியில் 1,000 பவுண்டு கடன் வசதி கிடைத்தது. லயன்சுக்கு 21 வயது நிறைந்த 1922 செப்டம்பரில் அந்தச் சிறு நிறுவனம் பிறந்தது. நம்முள் பலர் பட்டப்படிப்பின் கடைசித் தேர்வுக்கு உட்காரும் வயது அது.

தொட்டி வண்டியிலிருந்து கார் உடலுக்கு வந்தது 1927ஆம் ஆண்டில். ஆஸ்டின் செவன் என்னும் எளிய சிறு காரின் அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் அப்படியே வைத்துக்கொண்டு, மேலே அழகான உடலைப் பொருத்தி விற்றனர். ஆர்டர்கள் குவிந்தன. 1928இல் தொழிற்சாலை மோட்டார்த் தொழிலின் தலைநகரான கவன்ட்ரிக்குப் பெயர்ந்தது. எஞ்சின் பிறருடையது, வேகமும் பிறருடையது, தோற்றம் மட்டுமே லயன்சுடையது. அந்தத் தோற்றத்துக்காகவே மக்கள் பணம் கொடுத்தார்கள். இரண்டாம் கட்சியார் இங்கே கைதட்டலாம். ஆனால் பொறுத்திருக்க வேண்டுகிறேன்.

1931இல் லண்டன் கண்காட்சியில் எஸ்.எஸ். ஒன்று என்னும் கார் தோன்றியது. நீண்ட மூக்கு, தாழ்ந்த கூரை, பார்த்தவர் மனத்தில் 1,000 பவுண்டு என்று தோன்றும் மிடுக்கு. விலையோ 310 பவுண்டு. இந்தக் கார் உருவாகும்போது லயன்ஸ் குடல்வால் நோயினால் மருத்துவமனையில் கிடந்தார். உட்காருவோர் தலை இடிக்கிறதே என்று வாம்ஸ்லி கூரையைச் சற்று உயர்த்திவிட்டார். திரும்பி வந்து பார்த்த லயன்ஸ் வெகுண்டார்; அடுத்த மாதிரியில் தம் விருப்பப்படியே தாழ்த்தினார். ஆனால் அந்த நீண்ட மூக்கினுள் இருந்தது ஸ்டாண்டர்டு கம்பெனியின் சாதாரண எஞ்சின். மணிக்கு 70 மைல் அளவிலேயே அதன் மூச்சு முடிந்துவிடும். புலித்தோல் போர்த்திய பசு என்று விவரம் அறிந்தவர்கள் நகைத்தனர். அந்த நகைப்பு லயன்சைச் சுட்டது. அழகு ஆளைக் கடைக்குள் அழைத்து வரும். வாங்கிச் சென்றவன் மறுபடியும் வரவேண்டுமானால் அழகு மட்டும் போதாது என்பதை அவர் அப்போது உணர்ந்தார் என்றே நான் கருதுகிறேன்.

ஏனெனில் அவர் அடுத்துச் செய்த காரியம், எண்களைத் தேடிப் போனதுதான். எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் கலையில் வல்லவரான ஹாரி வெஸ்லேக்கை அமர்த்தினார். 1935இல் வில்லியம் ஹெயின்ஸ் என்னும் பொறியாளரைத் தலைமைப் பதவியில் வைத்தார். பழைய எஞ்சினில் வால்வுகள் பக்கவாட்டில் இருந்தன. அவற்றைத் தலைப்பகுதிக்கு ஏற்றினார்கள். காற்றும் பெட்ரோலும் தடையின்றி உள்ளே புகுந்தன, திறன் பெருகியது. அதே ஆண்டில் ஜாகுவர் என்னும் பெயரும் பிறந்தது. லண்டனில் ஒரு ஹோட்டலில் விருந்து வைத்து, வந்தவர்களிடம் புதிய காரின் விலையை ஊகித்து எழுதச் சொன்னார் லயன்ஸ். அவர்கள் எழுதியதற்கும் உண்மை விலைக்கும் நூற்றுக்கணக்கான பவுண்டு இடைவெளி. உண்மை விலை 400 பவுண்டுக்கும் குறைவு. விலையும் ஓர் எண்தானே! மற்ற எண்களையெல்லாம் வாங்குபவன் நம்பியாக வேண்டும். இந்த ஒன்றை மட்டும் அவனே தன் பையிலிருந்து எண்ணிப் பார்க்கிறான்.

1936இல் வந்தது எஸ்.எஸ். 100. நூறு என்றால் மணிக்கு நூறு மைல், ஏறத்தாழ 161 கிலோமீட்டர். இங்கேதான் நம் சாட்சி சற்றுத் தடுமாறுகிறார். முதலில் விற்ற இரண்டரை லிட்டர் எஞ்சின் கொண்ட கார், பெயரில் இருந்த நூறை எட்டவில்லை. சில மைல் முன்னரே நின்றுவிட்டது. மூன்றரை லிட்டர் எஞ்சின் பொருத்திய பிறகே நூறு மெய்யாயிற்று. மாணவர் வழக்கில் சொன்னால், தேர்வு எழுதுமுன்பே முதல் வகுப்பு என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, பிறகு பாடுபட்டு அதை வாங்கிய கதை. பெயரில் இருப்பது அளந்து கண்ட எண்ணா, ஆசைப்பட்ட எண்ணா என்று வாங்குபவன் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

போர் வந்தது. கவன்ட்ரி நகரம் ஜெர்மானியர் குண்டுகளுக்கு இரையாயிற்று. தொழிற்சாலைக் கூரைமீது இரவில் தீக்காவல் இருந்தபோது, லயன்சும் ஹெயின்சும் உடன் பணிபுரிந்த ஹாசன், பெய்லி ஆகியோரும் போருக்குப்பின் செய்யவேண்டிய எஞ்சினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு இந்தக் கட்டடம் இருக்குமோ என்ற நிலையில், பத்தாண்டு ஓடவேண்டிய எஞ்சினைத் திட்டமிட்ட அந்த நெஞ்சுரத்தை நினைத்து நான் வியக்கிறேன். அதுவே எக்ஸ்.கே. எஞ்சின். 1945இல், ஹிட்லரின் படைப்பிரிவை நினைவூட்டிய எஸ்.எஸ். என்னும் எழுத்துகளைக் கைவிட்டு, கம்பெனியின் பெயரே ஜாகுவர் ஆயிற்று.

1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் எக்ஸ்.கே. 120 காட்சிக்கு வந்தது. ஆறு சிலிண்டர், 3.4 லிட்டர், 160 குதிரைத்திறன், வரி நீங்கலாக விலை 998 பவுண்டு. புதிய எஞ்சினை விளம்பரப்படுத்த இருநூறு கார் செய்தால் போதும் என்பதே திட்டம். சில வாரங்களில் உடலமைப்பை முடித்திருந்தார் லயன்ஸ். ஆனால் கூட்டம் அந்தக் காரைச் சுற்றியே மொய்த்தது. ஆர்டர் கொடுத்தவர்களுள் ஹாலிவுட் நடிகர் கிளார்க் கேபிளும் ஒருவர். கூடவே ஐயமும் எழுந்தது. இந்த விலைக்கு மணிக்கு 120 மைலா? முன்பு நூறு விஷயத்தில் நடந்ததை மறக்காதவர்கள் இருந்திருப்பார்கள் அல்லவா?

லயன்ஸ் வாதாடவில்லை. 1949 மே 30ஆம் நாள், பெல்ஜியத்தில் ஜாபெக் என்னும் ஊரருகே நேரான நெடுஞ்சாலை ஒன்றில், விமானத்தில் அழைத்துவந்த பத்திரிகையாளர் முன்னிலையில், சட்டன் என்னும் ஓட்டுநரிடம் காரை ஒப்படைத்தார். கூரையும் கண்ணாடியும் பூட்டிய நிலையில் மணிக்கு 126 மைல். முன்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓடியபோது 132.6 மைல். பெயரில் இருந்த எண் நிறைவேறியதோடு வட்டியும் சேர்ந்தது. ஆனால் என்னைக் கவர்ந்தது அதற்கடுத்து நடந்தது. சட்டன் திரும்பி வந்து, கியரை மாற்றாமல் அதே மேல் கியரில், பத்திரிகையாளர்களைக் கடந்து மணிக்கு 10 மைல் வேகத்தில் நிதானமாக ஊர்ந்து சென்றார். பொறியியல் அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். உச்சத்தில் மட்டும் பாயும் எஞ்சின், அடியில் இருமித் திணறும். இந்த எஞ்சினோ நகரத் தெருவிலும் முரண்டு பிடிக்காது. பத்திரிகைத் தலைப்புக்குப் போனது 132. வாங்கியவன் தினந்தோறும் அனுபவித்தது 10.

எண்களுள்ளும் உழைக்கும் எண், உலா வரும் எண் என்று இரு சாதி உண்டு என்பது என் எண்ணம். நின்ற நிலையிலிருந்து 60 மைல் வேகம் எட்டும் நேரம், தேர்ந்த ஓட்டுநர் கிளட்சைப் படாதபாடு படுத்தி ஒருமுறை எடுப்பது. தன் சொந்தப் பணத்தில் கார் வாங்கியவன் அப்படி ஒருநாளும் ஓட்டமாட்டான். ஆனால் அக்காலத்து ஆங்கில மோட்டார் இதழ்கள் தம் சோதனைகளில் இன்னொரு பட்டியலும் அச்சிட்டன. மேல் கியரிலேயே 20 முதல் 40 மைல் வரை எத்தனை விநாடி, 30 முதல் 50 வரை எத்தனை விநாடி என்பதே அது. முன்னால் போகும் லாரியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் பயன்படுவது இந்த எண். விடுதி வாதங்களில் இதை எடுத்துச் சொன்னவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

எக்ஸ்.கே. 120க்குக் குறையும் இருந்தது. ஓடுவதில் காட்டிய சுறுசுறுப்பை நிற்பதில் காட்டவில்லை. அழகுக்காகச் சக்கரங்களை உடலுக்குள் ஒடுக்கியதால் பிரேக்குக்குக் காற்றோட்டம் குறைந்தது. மலைப்பாதையில் சூடேறி வலுவிழந்தது. விற்பனை ஏட்டில் வேகத்துக்கு எண் இருந்தது, நிற்பதற்கு இல்லை. அந்தக் குறை தீர்ந்த இடம் பந்தயக் களம். பிரான்சில் லெ மான் நகரில் நடக்கும் 24 மணிநேரப் பந்தயத்தில் ஜாகுவர் 1951இல் வென்றது. 1953இல் டன்லப் கம்பெனியோடு சேர்ந்து உருவாக்கிய டிஸ்க் பிரேக்கை நான்கு சக்கரங்களிலும் பூட்டிக்கொண்டு வந்தது. திறன் மிகுந்த கார்கள் எதிரே இருந்தன. ஆனால் நீண்ட நேர்ச்சாலையின் முடிவில், மற்றவர்கள் முன்னதாகவே பிரேக்கை மிதிக்க, ஜாகுவர் இன்னும் சிறிது தூரம் பாய்ந்து பிறகு நின்றது. இரவு முழுவதும் அந்தச் சிறிது தூரம் சேர்ந்துகொண்டே போயிற்று. சராசரி வேகம் மணிக்கு 100 மைலை அந்தப் பந்தயத்தில் முதன்முறையாகத் தாண்டியது. நிற்கத் தெரிந்த காரே வேகமான கார் என்று அன்று நிலைநாட்டப்பட்டது. 1957இல் விற்பனைக்கு வந்த எக்ஸ்.கே. 150 காரில் அதே டிஸ்க் பிரேக் இடம்பெற்றது.

இவ்வரலாற்றில் 1955 ஜூன் மாதம் இருண்ட மாதம். லயன்சின் ஒரே மகன் ஜான், லெ மான் பந்தயத்துக்குக் காரில் சென்றுகொண்டிருந்தபோது பிரான்சின் சாலையில் விபத்துக்குள்ளாகி இறந்தார். அதே பந்தயத்தில் ஒரு மெர்சிடிஸ் கார் பார்வையாளர் கூட்டத்துள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெர்சிடிஸ் குழு விலகியது, ஜாகுவர் வென்றது. அந்த வெற்றியைத் தந்தையார் எவ்வாறு ஏற்றிருப்பார் என்று நினைக்கவும் மனம் துணியவில்லை. வேகத்தின் எண்ணைப் பற்றிப் பேசுவோர் இந்த எண்ணையும் சேர்த்தே பேசவேண்டும். 1956இல் அரசர் குடும்பத்தின் நைட் பட்டம் அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் கம்பெனி தன் பந்தயக் குழுவை நிறுத்திக்கொண்டது. 1957 பிப்ரவரியில் தொழிற்சாலையில் பெருந்தீ. எல்லாவற்றையும் வெளியே சொல்லாமல் விழுங்கிக்கொண்டு மறுபடியும் வேலையைத் தொடங்கினார். நெருங்கிப் பழகிய பொறியாளர்கள்கூட அவரை மரியாதையாகத் திருவாளர் என்றே அழைத்துவந்தனர். அவ்வளவு இறுக்கமான மனிதர்.

அவர் கார் சமைத்த முறை விந்தையானது. வரைபடத்தை நம்பமாட்டார். முழு அளவில் தகட்டு மாதிரி செய்யச் சொல்லி, தம் வீட்டுப் புல்வெளியில் வெயிலில் நிறுத்தி, சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார். இங்கே அரை அங்குலம் குறை, அங்கே கூட்டு என்பார். ஆனால் 1961 மார்ச்சில் ஜெனீவாவில் உலகை வியக்கவைத்த இ-டைப் காரின் வடிவம் பிறந்தது வேறு வழியில். விமானத் தொழிற்சாலையிலிருந்து வந்த மால்கம் சேயர் என்னும் கணித வல்லுநர், காற்றைக் கிழிக்கும் வளைவுகளைக் கணக்கிட்டே வரைந்தார். கண்ணையே நம்பிய முதலாளி, கணக்கில் பிறந்த அழகை ஏற்றுக்கொண்டார். எண்ணும் அழகும் எதிரிகள் என்று சொல்வோர் இதற்கு என்ன விடை சொல்வார்கள்?

இ-டைப்பின் எண்கள் 3.8 லிட்டர், 265 குதிரைத்திறன், மணிக்கு 150 மைல். விலை, வரியோடு சேர்த்து ஏறத்தாழ 2,100 பவுண்டு. ஒத்த வேகமுள்ள ஆஸ்டன் மார்ட்டினின் விலையில் பாதியளவுதான். இதழ்கள் சோதித்தபோது திறந்த கார் 149 மைலும் மூடிய கார் 150 மைலும் காட்டின. உண்மைதான், அளந்தவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அளக்கக் கொடுத்த கார்கள் கம்பெனி மிகுந்த கவனத்துடன் தயார்செய்தவை. உச்சவேக ஓட்டத்துக்குப் பந்தய டயர் பூட்டப்பட்டது. கடையில் வாங்கியவர்களின் கார்களில் 150ஐ எட்டியது அரிது. 265 என்பதும் விசிறி, சத்தமடக்கி முதலிய சுமைகள் இல்லாமல் எஞ்சினை மட்டும் மேடையில் வைத்து அளந்த கணக்கு. சூப்பர்ஃபாஸ்ட் என்று கட்டணம் வாங்கும் ரயிலில் ஊருக்குப் போய், வழியில் மணிக்கணக்கில் நின்று பழகிய நமக்கு இது புதிதன்று.

வாங்கியவர்கள் கோபித்தார்களா? 150 வரவில்லையே என்று குறைப்பட்டவர்களைவிட, இருக்கை முதுகை வாட்டுகிறது, முதல் கியர் கரகரக்கிறது, நெரிசலில் எஞ்சின் கொதிக்கிறது என்று குறைப்பட்டவர்களே மிகுதி. 1964இல் வந்த 4.2 லிட்டர் மாதிரியைப் பாருங்கள். குதிரைத்திறன் அதே 265. உச்சவேகமும் உயரவில்லை. மாறியவை கியர்ப்பெட்டி, பிரேக், இருக்கை, தாழ்ந்த வேகத்தில் இழுக்கும் வலு. ஏட்டை மட்டும் படிப்பவன் எதுவும் மாறவில்லை என்று சொல்லியிருப்பான். ஓட்டிப் பார்த்தவனுக்கு அது வேறு காராகத் தெரிந்தது. 1965 டிசம்பரில் பிரிட்டனில் சாலை வேகத்துக்கு 70 மைல் என்று எல்லை வகுத்தார்கள். 150 என்னும் எண்ணில் பாதிக்குமேல் சட்டத்துக்குப் புறம்பாகிவிட்டது. இ-டைப்போ 1974 வரை உற்பத்தியில் இருந்தது.

லயன்ஸ் 1966இல் தம் கம்பெனியைப் பெரிய நிறுவனத்தோடு இணைத்தார், 1972இல் ஓய்வுபெற்றார், 1985 பிப்ரவரி 8ஆம் நாள் தம் இல்லத்தில் காலமானார். 1996இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகம் இ-டைப் ஒன்றைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. 2008இல் ஜாகுவர் நம் நாட்டு டாட்டா நிறுவனத்தின் கைக்கு வந்தது.

சாட்சியம் முடிந்தது. என் தீர்ப்பைச் சொல்கிறேன். ஏற்காதவர் மறு இதழில் மேல்முறையீடு செய்யலாம். ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவன் எண்களைப் பார்க்கத்தான் வேண்டும். பார்க்காதவனுக்கு எஸ்.எஸ். ஒன்றின் நீண்ட மூக்கைக் காட்டிச் சாதாரண எஞ்சினை விற்றுவிடுவார்கள். ஆனால் எண்ணை ஒற்றையாகப் பார்க்கக்கூடாது. யார் அளந்தார், எந்தக் காரை அளந்தார், எந்த டயரில் அளந்தார் என்று கேட்க வேண்டும். ஓடும் எண்ணோடு நிற்கும் எண்ணையும் கேட்க வேண்டும். இரண்டு கார்களின் இடையே அரை விநாடிதான் வேற்றுமை என்றால் அந்த அரை விநாடியை மறந்துவிட்டு, இரண்டையும் தான் தினமும் போகும் சாலையில், தன் முதுகையும் தன் காதையும் கொண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நம்மையும் மதிப்பெண் கொண்டே அளக்கிறார்கள். வேலைக்கு அழைப்பவன் முதலில் கேட்பதும் எண்ணைத்தான். அந்த எண் வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை, எஸ்.எஸ். 100போல் எண்ணை முன்னே போட்டுவிட்டுப் பின்னே தேடவும் வேண்டாம். எக்ஸ்.கே. 120போல், சொன்னதற்குமேல் சிறிது ஓடிக்காட்டிவிட்டு, திரும்பி வரும்போது மணிக்கு 10 மைலில் நடுங்காமல் வரத் தெரிந்தால் போதும்.